மேசைமேல் ஒரு செவ்வாய்: பாக்டீரியாவைச் சோதிக்கும் சேம்பர் பற்றி

செவ்வாய்க் கிரகத்தின் சூழலை ஓர் எஃகு உருளைக்குள் உண்டாக்கி, அதில் பாக்டீரியாவை வைத்து, எது பிழைக்கிறது எது சாகிறது என்று பார்க்கும் சேம்பர் ஒன்று எங்கள் லேபில் இருக்கிறது. வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் இந்த விமர்சனம். தயாரித்த கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வகை சேம்பர்களின் விளம்பரத் தாள்கள் எல்லாமே ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை போலத்தான் இருக்கின்றன. யாருடையதை வாங்கினாலும் கீழே சொல்வதில் பாதியாவது உங்களுக்கும் நேரும்.

நான் இயந்திரத்துக்காரி அல்ல. ஸ்போர் (பாக்டீரியா கெட்ட காலத்தைத் தாண்ட எடுக்கும் உறங்கும் வடிவம்) தயாரிப்பது, அதைத் தகட்டில் காயவைப்பது, சோதனை முடிந்ததும் கழுவி எடுத்து அகார் என்ற வளர்ப்புக் கூழில் பரப்பி, முளைத்து வரும் காலனிகளை எண்ணுவது, இதுதான் என் வேலை. பம்ப், வால்வு, விளக்கு எல்லாம் எங்கள் இயற்பியல்காரர் பொறுப்பு. இதை அவர் எழுதியிருந்தால் வெற்றிடம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதற்கே இரண்டு பக்கம் போயிருக்கும். எனக்கு அது இரண்டு வரி.

பொருளைப் பார்ப்போம். படுக்கை வாட்டில் வைத்த துருப்பிடிக்காத எஃகு உருளை. முன்னால் கனமான கதவு. மேலே வட்ட ஜன்னல், அதன் தலையில் செனான் விளக்கு. உள்ளே ஒரு செப்புத் தட்டு; அதற்கு அடியில் திரவ நைட்ரஜன் ஓடும் குழாய். பக்கவாட்டில் வாயு விடும் வால்வு, பின்னால் பம்ப். எல்லாவற்றையும் ஓட்ட ஒரு மென்பொருள். தட்டில் கட்டைவிரல் நகம் அளவுள்ள அலுமினியத் தகடுகளை வரிசையாக உட்கார வைக்கலாம். 1950களில் கண்ணாடி ஜாடிக்குள் மண்ணும் நைட்ரஜனும் அடைத்து, இரவில் உறையவைத்து, பகலில் வெளியே எடுத்துச் சூடாக்கி, "செவ்வாய் ஜாடி" என்று பெயர் வைத்து இதே சோதனையைச் செய்தார்கள். அடிப்படை எண்ணம் அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. விலைதான் மாறியிருக்கிறது.

விளம்பரத் தாளின் முதல் வரி அழுத்தம். செவ்வாயின் தரையில் சராசரியாக 6 முதல் 7 மில்லிபார். இங்கே கடல் மட்டத்தில் 1013. அந்த அழுத்தத்தைச் சேம்பர் சுலபமாகப் பிடிக்கிறது, நாள்கணக்கில் அசையாமல் வைத்திருக்கிறது. இரண்டாவது வரி குளிர். மூன்றாவது வரி வாயுக் கலவை: கார்பன் டை ஆக்சைடு 95 சதவீதம், மீதியில் நைட்ரஜன், ஆர்கான், துளி ஆக்சிஜன். விளக்கைப் பற்றிய பேச்சு கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் வருகிறது. எனக்கு இந்த வரிசையே தலைகீழ்.

ஏன் என்றால், காய்ந்த ஸ்போருக்கு அழுத்தமும் குளிரும் பெரிய விஷயமே இல்லை. நாங்கள் பயன்படுத்தும் பேசிலஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா தன் ஸ்போரைக் கட்டும்போதே உள்ளிருந்து தண்ணீரை வெளியேற்றிவிடுகிறது; அந்த இடத்தில் கால்சியமும் டைபிகோலினிக் அமிலமும் சேர்ந்து நிரம்புகின்றன; டி.என்.ஏ.வைச் சின்னச் சின்னப் புரதங்கள் போர்த்திக்கொள்கின்றன. 1984இல் விண்வெளிக்கு அனுப்பி 1990இல் திரும்பக் கொண்டுவந்த எல்டிஇஎஃப் என்ற செயற்கைக்கோளில் இதே ஸ்போர்கள் ஏறக்குறைய ஆறு வருடம் விண்வெளி வெற்றிடத்தில் இருந்தன. புற ஊதா ஒளி படாமல் மறைத்து வைத்தவற்றில் கணிசமானவை திரும்பி வந்து முளைத்தன. அங்கே ஆறு வருடம் தாங்கியதை இங்கே 7 மில்லிபாரில் ஒரு வாரம் வைத்து "பிழைத்தது!" என்று அறிக்கை எழுதினால் யாருக்கு என்ன தெரியப் போகிறது?

ஒளி அப்படியல்ல. பூமியில் ஓசோன் படலம் 290 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதாவை வடிகட்டிவிடுகிறது. செவ்வாயில் சொல்லும்படியான ஓசோன் கிடையாது. கார்பன் டை ஆக்சைடு 200 நானோமீட்டருக்குக் கீழே மட்டும்தான் தடுக்கும். ஆக, டி.என்.ஏ. நன்றாக உறிஞ்சுகிற 260 நானோமீட்டர்ப் பகுதி நேரே தரைக்கு வந்துவிடுகிறது. சூரியன் தூரம், மொத்த வெளிச்சம் இங்கே வருவதில் பாதிகூட இல்லை என்றாலும், கொல்லும் பகுதி அங்கேதான் அதிகம். விண்கலத் தகடுகளில் பூசிய சப்டிலிஸ் ஸ்போர்கள் செவ்வாய்ப் புற ஊதாவில் நிமிடக் கணக்கில் செயலிழப்பதை ஷுர்கர் என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 2003இல் காட்டினார்கள். பாலைவனப் பாறைக்குள் வாழ்கிற குரூகாக்கிடியாப்சிஸ் என்ற சயனோபாக்டீரியாவை வைத்து காக்கெலும் மற்றவர்களும் 2005இல் செய்த சோதனையில் 5 நிமிடத்தில் 99 சதவீதம் போய்விட்டது, 30 நிமிடத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. மேலே 1 மில்லிமீட்டர் மண்ணோ பாறையோ மூடியிருந்தால் மட்டும் 8 மணி நேரம் ஆனாலும் தாங்கியது. ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

எனவே இந்தச் சேம்பரை நான் மதிப்பிடுவது இரண்டை வைத்துத்தான்: ஒளி சரியாக வருகிறதா, ஒளி படாத கன்ட்ரோலை (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் தகடுகளை) அதே ஓட்டத்தில், அதே குளிரில் வைக்க முடிகிறதா. மற்றதெல்லாம் பிறகு.

ஒளியில்தான் முதல் அடி வாங்கினோம். சேம்பர் வந்து, கம்பெனி ஆள் பொருத்தி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகு வழக்கமான சப்டிலிஸ் ஸ்போரை வைத்து ஓட்டினோம். மேலே சொன்ன கணக்குப்படி சில நிமிடங்களில் எண்ணிக்கை சரிய வேண்டும். மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்த ஆராய்ச்சி மாணவி கூப்பிட்டாள்: "அக்கா, எல்லாத் தட்டுலயும் முளைச்சிருக்கு. நேத்து விளக்கு எரிஞ்சதா இல்லையா?" போய்ப் பார்த்தால், வெளிச்சம் பட்ட ஸ்போரைப் பரப்பிய அகார் தட்டுக்கும் படாததைப் பரப்பிய தட்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஓரம் சுருங்கிய வெளிர்ந்த காலனிகள் இரண்டிலும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிரம்பியிருந்தன.

விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. இயற்பியல்காரர் யுவி-சி மீட்டரை (புற ஊதாவின் குறைந்த அலைநீளப் பகுதியை அளப்பது) ஜன்னலுக்கு வெளியே பிடித்தார், முள் எகிறியது. பிறகு அதைச் செப்புத் தட்டின் மேல் வைத்துக் கதவைச் சாத்தினார், ஏறக்குறைய பூஜ்யம். ஜன்னலில் இருக்க வேண்டியது உருக்கிய சிலிகா. அது 200 நானோமீட்டர் வரை ஒளியை விடும். எங்களுக்கு வந்ததில் பொருத்தியிருந்தது போரோசிலிகேட் கண்ணாடி. லேபில் பீக்கர் செய்கிற அதே கண்ணாடி. 300 நானோமீட்டருக்குக் கீழே அது சுவர். கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எழுதிக் கேட்டதும் கம்பெனி மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பொருத்த வந்தவர் ஒரு மீட்டரை உள்ளே வைத்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். அழுத்தத்துக்குச் சான்றிதழ் கொடுத்தார், குளிருக்குக் கொடுத்தார், ஒளிக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் வாங்கினால் யுவி-சி அளவீட்டைத் தட்டின் மேல் வைத்து எடுத்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

அதோடு முடியவில்லை. மாற்று விளக்கு கேட்டபோது "ஓசோன் உண்டாக்காத ரகம்" ஒன்றை அனுப்பிவைத்தார்கள், பாதுகாப்பானதாம். செனான் விளக்கின் உறையில் ஒரு பூச்சோ கலவையோ சேர்த்து, காற்றில் ஓசோன் உண்டாக்குகிற குறைந்த அலைநீளங்களை வெட்டிவிட்டால் அதுதான் இந்த ரகம். வேறு வேலைகளுக்கு நல்லது. நமக்கு வேண்டிய பகுதியும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது. ஓசோன் உண்டாக்கும் ரகம்தான் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்; விளக்குப் பெட்டியின் காற்றை வெளியே கொண்டுபோக ஒரு குழாயும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும். சரியான விளக்கு வந்த பிறகு ஒளி நன்றாகவே இருக்கிறது, நடுவிலும் ஓரத்திலும் அளவு சற்று வேறுபடுவதைத் தவிர. ஓரத்துத் தகடுகளை நாங்கள் மறைத்த கன்ட்ரோலுக்கு வைத்துக்கொள்கிறோம். செனானுக்கு வயதாகும்போது முதலில் தேய்வது இந்தக் குறைந்த அலைநீளப் பகுதிதான். கண்ணுக்கு அதே பிரகாசமாகத் தெரியும், ஸ்போர் மட்டும் சாகாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் மீட்டர் வைக்கிற பழக்கம் அதனால்தான் வந்தது.

இனி பாராட்ட வேண்டியது. இந்தச் சேம்பரில் என் மனதுக்குப் பிடித்த உறுப்பு மூடிகள். ஒவ்வொரு வரிசைத் தகட்டுக்கும் மேலே மெல்லிய உலோக மூடி ஒன்று. வெளியில் இருந்து காந்தத்தால் தள்ளினால் உள்ளே நகர்கிறது. கதவைத் திறக்கவே வேண்டாம். ஒரு வரிசைக்கு அரை நிமிடம், அடுத்ததற்கு ஒரு நிமிடம், அதற்கடுத்ததற்கு ஐந்து, பிறகு அரை மணி, கடைசி வரிசை திறக்கவே திறக்காது. அழுத்தம் இறக்கி, குளிர வைத்து, திரும்பச் சூடாக்கி வெளியே எடுக்க ஒரு நாளே போய்விடுகிற இடத்தில், ஒரே ஓட்டத்தில் முழு வரைகோடும் கிடைத்துவிடுகிறது. மறைத்த வரிசையும் அதே காற்றில், அதே குளிரில் இருந்ததால், "ஒளிதான் கொன்றதா, வேறு ஏதாவதா" என்ற கேள்விக்கு இடமில்லை. இதை யோசித்து வடிவமைத்தவர் நிச்சயம் எங்காவது காலனி எண்ணியவராக இருக்க வேண்டும். அந்தக் கம்பெனியில் அவர் ஒருவர்தான் எண்ணியிருப்பார் போல.

தகடுகளை வடிவமைத்தவர் வேறு யாரோ. கூடவே கொடுக்கும் தகட்டில் நடுவில் ஒரு சின்னக் குழி. துளி வழியாமல் இருக்கவாம். ஸ்போர் கரைசலைத் துளியாக விட்டுக் காயவைத்தால் ஓரத்தில் வளையமாக ஒதுங்கும், குழி இருந்தால் இன்னும் மோசம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நடுவில் ஸ்போர்கள் தனித்தனியாகக் கிடக்கின்றன; விளிம்பில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, இருட்டான பட்டையாகத் தெரிகின்றன. மேலே கிடப்பது செத்து, கீழே கிடப்பதற்குக் குடையாகிவிடுகிறது. வரைகோட்டில் முதலில் செங்குத்தாக விழுந்து, பிறகு தரையோடு தரையாக ஒரு வால் நீளும். அந்த வாலைப் பார்த்துவிட்டு "எதிர்ப்பு சக்தி கொண்ட துணைக்கூட்டம்" என்று கட்டுரை எழுதிவிடலாம். உண்மையில் அது அடுக்கி வைத்ததன் விளைவு. இதையே நல்லபடியாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. ஜப்பானின் தன்போபோ சோதனையில் கதிர்வீச்சைத் தாங்குவதில் பேர்போன டீனோகாக்கஸ் ரேடியோடூரன்ஸ் என்ற பாக்டீரியாவை வேண்டுமென்றே தடித்த கட்டியாகக் காயவைத்து, சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே மூன்று வருடம் வைத்தார்கள். அரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிமன் உள்ள கட்டிகளில் உள்ளே இருந்தவை பிழைத்தன; முடிவு 2020இல் வெளிவந்தது. ஆக, தடிமன் என்பது சோதிக்க வேண்டிய ஒன்று, தவறிப்போய் நிகழ வேண்டிய ஒன்றல்ல. நாங்கள் குழித் தகடுகளை ஒதுக்கிவிட்டு, பளபளப்பாக்கிய தட்டையான தகடு வெட்டிக்கொண்டோம்.

குளிர் பற்றி இயற்பியல்காரருக்கும் கம்பெனிக்கும் நீண்ட கடிதப் போக்குவரத்து நடந்தது. சுருக்கம் இதுதான்: மென்பொருள் காட்டும் வெப்பநிலை செப்புத் தட்டின் அடியில் உள்ள சென்சாருடையது. தகட்டின் மேலே மெல்லிய வெப்ப இணைக் கம்பியை ஒட்டிப் பார்த்தால், விளக்கு எரியும்போது அங்கே கணிசமாகச் சூடு. 7 மில்லிபாரில் காற்று மிக மெல்லியது, சூட்டைக் கடத்திக்கொண்டு போக ஆள் இல்லை. தகடும் தட்டும் தொடுகிற புள்ளிகள் வழியாக மட்டும்தான் குளிர் ஏறுகிறது. அடியில் மெல்லிய இண்டியம் தாள் வைத்த பிறகு வித்தியாசம் குறைந்தது. "மைனஸ் 60இல் சோதித்தோம்" என்று எழுதுகிறவர்கள் எந்த இடத்து மைனஸ் 60 என்று ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. வேகமாகக் குளிரவைக்கும் அமைப்பைப் போட்டால் அழுத்தம் திடீரென்று இறங்கும். கசிவு என்றால் ஏற வேண்டும், இது ஏன் இறங்குகிறது? கதவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. திரவ நைட்ரஜன் நுழையும் குழாயின் கழுத்தில் பொடிப்பொடியாக வெள்ளைப் படிவு வளர்ந்துகொண்டிருந்தது. இந்த அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு மைனஸ் 125 டிகிரிக்குப் பக்கத்தில் பனியாக உறைந்துவிடும். திரவ நைட்ரஜனோ மைனஸ் 196. உள்ளே விட்ட செவ்வாய்க் காற்று குழாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. செவ்வாயின் துருவங்களிலும் குளிர்காலத்தில் நடப்பது இதுதான். காற்றில் ஒரு பங்கு தரையில் உறைந்து, கிரகம் முழுக்க அழுத்தம் குறைகிறது. அது பார்க்க அழகு. சோதனைக்குத் தொந்தரவு. மெதுவாகக் குளிரவைக்கும் அமைப்பைப் போட்டால் வருவதில்லை. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கேஜ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கூட வருவது பிரானி கேஜ். வாயு எவ்வளவு சூட்டைக் கடத்துகிறது என்பதை வைத்து அழுத்தத்தைக் கணிக்கும் வகை. நைட்ரஜனுக்கு அளவிட்டு வைத்திருப்பார்கள். கார்பன் டை ஆக்சைடை நிரப்பினால் தப்பாகக் காட்டும். வாயு எதுவானாலும் சரியாகச் சொல்லும் கப்பாசிட்டன்ஸ் மானோமீட்டர் தனி விலை. செவ்வாய் சேம்பர் என்று பெயர் வைத்து, செவ்வாய்க் காற்றுக்குச் சரியாகப் படிக்காத கேஜைத் தருவது எனக்குப் புரியவில்லை. பம்ப் இரண்டு ரகத்தில் கிடைக்கிறது. எண்ணெய் பம்ப் மலிவு, ஆனால் அதன் ஆவி மெல்ல உள்ளே திரும்பி வந்து ஜன்னலிலும் தகட்டிலும் படலமாகப் படியும், புற ஊதாவை உறிஞ்சும். எண்ணெய் இல்லாத ஸ்க்ரோல் பம்ப் எடுத்துக்கொள்ளுங்கள். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கலந்து வரும் செவ்வாய் வாயுவில் பிடியுங்கள். ஒளியால் கொல்கிற சோதனைக்குச் சுத்தமான கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரே போதும் என்பது என் கருத்து.

மண். விண்கலத்தில் ஒட்டிப்போன பாக்டீரியா அங்கே புழுதியில் விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் பலருக்கும் கேள்வி, அதனால் மண்ணையும் உள்ளே வைக்க வேண்டியிருக்கும். செவ்வாய் மண்ணுக்கு மாற்றாகப் பல மண்கள் உண்டு. ஹவாயின் எரிமலைச் சாம்பலில் இருந்து எடுத்த ஜேஎஸ்சி மார்ஸ்-1 பழையது, நிறம் பொருந்தும், ஆனால் தண்ணீரை நிறையப் பிடித்து வைத்துக்கொள்ளும். செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டி ஊர்தி கண்ட மண்ணை வைத்துத் தாதுக்களை அளந்து கலந்த எம்ஜிஎஸ்-1 பின்னால் வந்தது. எதை வாங்கினாலும் அதில் இந்தப் பூமியின் பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது; உலர்சூட்டில் நன்றாக வாட்டிய பிறகே உள்ளே போக வேண்டும். இங்கே சேம்பரின் குறை ஒன்று தெரியும்: பம்ப் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் இழுக்கிறது. மண் துகள்களுக்கு இடையே இருந்த காற்று ஒரே மூச்சில் வெளியேற, மண் எழும்பி நாலா பக்கமும் தெறிக்கிறது. மூடிகளின் தடத்தில் புழுதி, ஜன்னலில் புழுதி, பம்பில் புழுதி. குறுக்கே ஒரு ஊசி வால்வு வைத்து, மெதுவாக இழுக்க நாங்களே வழி செய்துகொண்டோம்.

மாற்று மண் பொட்டலங்களில் பெர்குளோரேட் என்ற உப்பு இருக்காது. 2008இல் ஃபீனிக்ஸ் என்ற விண்கலம் இறங்கியபோது செவ்வாய் மண்ணில் எடைக்கு சுமார் அரை சதவீதம் பெர்குளோரேட் இருப்பதைக் கண்டது. சாதாரணக் குளிரில் அது பெரிதாக வினைபுரியாது. புற ஊதா பட்டால் கதை வேறு: அந்த உப்பு இருக்கும் இடத்தில் சப்டிலிஸ் செல்கள் இன்னும் வேகமாகச் சாகின்றன என்று வாட்ஸ்வொர்த்தும் காக்கெலும் 2017இல் காட்டினார்கள், இரும்பு ஆக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் இன்னும் மோசம். வெறும் மண்ணில் மட்டும் சோதித்துவிட்டு "மண் காப்பாற்றும்" என்று சொல்வது பாதிப் பேச்சு. நீங்களே கலந்துகொள்ளுங்கள். அது ஆக்சிஜனேற்றி என்பதால் எண்ணெய் பம்ப் பக்கம் விடாதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது சுத்தம் செய்கிற பகுதியைப் படித்தபோது. ஓட்டம் முடிந்ததும் உள்ளே 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கவும் என்று கையேடு சொல்கிறது. ஆல்கஹால் ஸ்போரைக் கொல்லாது. நுண்ணுயிரியல் படித்த யாருக்கும் தெரிந்தது. துணியில் எடுத்து மறுபக்கம் பூசியதுதான் மிச்சம். போன ஓட்டத்தின் ஸ்போர் அடுத்த ஓட்டத்தின் தகட்டில் விழுந்தால், அது செவ்வாயில் பிழைத்த வீரனாகக் கணக்கில் வந்துவிடும். செவ்வாய்க்கு வைக்கிங் கலங்களை அனுப்பியபோது 111.7 டிகிரியில் 30 மணி நேரம் உலர்சூட்டில் வாட்டினார்கள் என்றால் சும்மா இல்லை. விண்கலம் பூட்டும் சுத்த அறைகளிலேயே, அவ்வளவு துடைப்புக்கும் வடிகட்டலுக்கும் தப்பி வாழ்கிறவை கிடைத்திருக்கின்றன. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் எடுத்த பேசிலஸ் புமிலஸ் எஸ்ஏஎஃப்ஆர்-032 அப்படி ஒன்று, புற ஊதாவையும் சாதாரண சப்டிலிஸைவிட நன்றாகத் தாங்கும். நாங்கள் ஹைட்ரஜன் பெராக்சைடால் துடைத்து, பிறகு விளக்கைப் போட்டு வெறும் சேம்பரை ஓட்டுகிறோம். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஸ்போர் பூசாத வெறும் தகடு ஒன்று மூலையில் உட்கார்ந்திருக்கும். அதில் ஒரு காலனி வந்தாலும் அந்த நாள் கணக்கு குப்பைக்குத்தான். பிளீச்சும் ஸ்போரைக் கொல்லும், ஆனால் எஃகைத் தின்றுவிடும்.

மென்பொருளில் ஒரே ஒரு புகார்தான், ஆனால் பெரியது. தட்டு இன்னும் உறைகுளிரில் இருக்கும்போதே "காற்றை விடு" பொத்தானை அழுத்தினால் தடுக்காமல் விட்டுவிடுகிறது. அறைக் காற்றின் ஈரம் முழுக்கத் தகட்டில் பனித்துளியாகப் படிந்து, காய்ந்திருந்த ஸ்போர்கள் நனைந்து, கலைந்து, பக்கத்துத் தகட்டுக்கு ஓடிவிடும். முதலில் சூடாக்கி, பிறகு உலர்ந்த நைட்ரஜனை விட்டு, அதற்குப் பிறகுதான் கதவு. இதை மென்பொருளே கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும். இப்போது பொத்தானுக்கு மேல் ஒரு காகிதம் ஒட்டி வைத்திருக்கிறோம்.

எதற்கு இது உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். பிழைப்பது வேறு, வளர்வது வேறு. 7 மில்லிபார், பூஜ்ய டிகிரி, ஆக்சிஜன் இல்லாத கார்பன் டை ஆக்சைடு, இந்த மூன்றும் சேர்ந்த நிலையில் செராஷியா லிக்விஃபேசியன்ஸ் என்ற பாக்டீரியா வளரும் என்றும், சைபீரியாவின் நிரந்தரமாக உறைந்த மண்ணில் இருந்து எடுத்த கார்னோபாக்டீரியம் வகைகள் வளரும் என்றும் 2013இல் காட்டியிருக்கிறார்கள். அதைத் திரும்பச் செய்து பார்க்க ஆசைப்பட்டு இதை வாங்காதீர்கள். 7 மில்லிபாரில் தண்ணீர் 2 டிகிரியிலேயே கொதிக்கும். வாரக்கணக்கில் வைக்க வேண்டிய அகார் தட்டு இதற்குள் காய்ந்து, சுருண்டு, ஓரத்தில் இருந்து உரிந்து வந்துவிடுகிறது. அந்த வேலைக்குக் குளிர்பெட்டிக்குள் ஒரு வெற்றிட டெசிகேட்டர் (காற்றுப் புகாமல் மூடும் பாத்திரம்), ஒரு சின்ன பம்ப், தடிமனாக ஊற்றிய அகார், இவையே மேல்.

அண்டக் கதிர்வீச்சு இல்லையே என்று சிலர் குறை சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். கியூரியாசிட்டி அளந்தபடி செவ்வாய்த் தரையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.21 மில்லிகிரே (கிரே என்பது உறிஞ்சிய கதிர்வீச்சின் அலகு). டீனோகாக்கஸ் 5000 கிரேயைத் தாங்கிவிட்டு எழுந்து வரும். அந்த அளவு சேர அங்கே 65,000 வருடம் உட்கார்ந்திருக்க வேண்டும். மண்ணுக்கடியில் லட்சக்கணக்கான வருடம் உறங்குகிற உயிரைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு அது பெரிய கேள்விதான், உறக்கத்தில் பழுதுபார்ப்பும் நடக்காது. ஆனால் அவர்கள் போக வேண்டியது காமா கதிர் மூலம் உள்ள இடத்துக்கு. நேற்று இறங்கிய விண்கலத்தில் ஒட்டியிருந்த ஸ்போர் நாளை மதியம் இருக்குமா என்று கேட்பவருக்கு இந்தச் சேம்பர் போதும். நிஜமாகவே உயரத்துக்கு அனுப்பிப் பார்க்கிற வழியும் உண்டு. 2019இல் நாசா பலூனில் 38 கிலோமீட்டர் உயரத்துக்கு மார்ஸ்பாக்ஸ் என்ற பெட்டி போனது. கருப்புப் பூஞ்சையான ஆஸ்பர்ஜில்லஸ் நைஜரின் ஸ்போர்கள் அதில் பிழைத்து வந்தன. பூஞ்சையை யாரும் சீண்டுவதில்லை, எல்லாரும் பாக்டீரியா பின்னாலேயே ஓடுகிறோம். நானும் சேர்த்துத்தான்.

வாங்கியபின் உதவி சுமார். பாகம் கேட்டால் வரும், கேள்வி கேட்டால் கையேட்டின் பக்க எண் வரும். மதிப்பெண் கேட்டால் 5க்கு 3.5 கொடுப்பேன்; அதில் பெரும்பங்கு அந்த மூடிகளுக்கு. புற ஊதாவில் எது எவ்வளவு நேரம் தாங்கும் என்று அடிக்கடி பார்க்கிற லேப் தயங்காமல் வாங்கலாம். வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் தேவைப்படுகிறவர்கள், ஏற்கெனவே வைத்திருக்கும் இடத்தில் நேரம் கேட்டு ஓட்டிக்கொள்வதே மேல். தகட்டையும் கன்ட்ரோலையும் வெறும் தகட்டையும் கையோடு கொண்டுபோங்கள், யுவி-சி மீட்டரையும். வாங்குகிறவர்கள் மாற்று விளக்கை முதல் நாளே சேர்த்து ஆர்டர் போட்டுவிடுங்கள், வந்து சேர நாளாகிறது. விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று காட்டும் எண், கரன்ட் போய் வந்தால் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகிறது. அதனால் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கவிட்டு, ஓட்டுகிறவர்கள் கையாலேயே நேரத்தை எழுதிவைக்கச் சொல்லிவிடுங்கள்.